ரிஸ்க் என்பது அபாயமா?

வாகன உதிரிபாக ஆலை ஒன்றின் தரக் கையேட்டைத் தமிழில் சரிபார்த்துத் தருமாறு என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதில் 'நிறுவனத்தின் அபாயப் பசி' என்றொரு தலைப்பு இருந்தது. ஒரு நிறுவனம் எவ்வளவு ரிஸ்கை ஏற்கத் தயார் என்பதைக் குறிக்கும் ரிஸ்க் அப்பெடைட் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த கோலம் அது. பசியைக்கூட மன்னித்துவிடலாம், ரிஸ்க் வருமிடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'அபாயம்' என்று எழுதும் வழக்கத்தைத்தான் இனியும் பொறுப்பதற்கில்லை.

ரிஸ்க் என்பது இத்தாலிய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். அபாயம் வடசொல், நீங்குதல், அழிவு என்பன அதன் மூலப்பொருள். வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. உபாயத்தை நாளும் எழுதுகிறவனுக்கு அபாயத்தோடு என்ன பகை? பொருள் பொருந்தவில்லை என்பதே என் வழக்கு.

மின்மாற்றியின் வேலியில் மண்டை ஓட்டுப் படத்துக்குக் கீழே 'அபாயம்' என்று எழுதியிருக்கிறோம். அங்கே அச்சொல் மிகச் சரியாக நிற்கிறது, ஏனெனில் உயிரைக் குடிக்கும் மின்சாரம் வேலிக்கு அப்பால் இருக்கவே இருக்கிறது. அது ஒருவரைத் தாக்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு, தாக்கினால் எவ்வளவு கேடு என்று சேர்த்து எடைபோடுவதுதான் ரிஸ்க். வேலியைப் பூட்டினால் மின்சாரம் குறைவதில்லை; ரிஸ்க் குறைகிறது. தொழிற்பாதுகாப்புப் படிவங்களில் கேடு விளைவிக்கக்கூடிய மூலமான ஹசார்டுக்கு ஒரு கட்டமும் ரிஸ்குக்கு ஒரு கட்டமும் அடுத்தடுத்து வருவது இதனால்தான். நான் பார்த்த கையேட்டிலோ இரண்டு கட்டங்களுக்கும் ஒரே தலைப்பு. நிரப்பியவரும் இரண்டிலும் 'விரல் நசுங்கும்' என்றே எழுதியிருந்தார். அவரைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?

தரத்தின் பக்கம் வந்தால் குழப்பம் இன்னும் முற்றுகிறது. 2015இல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் பன்னாட்டுத் தர மேலாண்மைத் தரநிலை, தடுப்பு நடவடிக்கைக்கென இருந்த தனிப்பிரிவை நீக்கிவிட்டு, மேலாண்மை அமைப்பு முழுவதிலும் ரிஸ்கை எண்ணிப் பார்த்துத் திட்டமிடச் சொல்கிறது. பழுது எப்படி நேரும், அதனால் என்ன விளையும் என்று முன்கூட்டியே ஆராயும் எஃப்.எம்.இ.ஏ. படிவத்தில் பழுதின் கடுமை, நேரும் வாய்ப்பு, கண்டறிவதிலுள்ள அருமை ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்குவது நெடுநாள் வழக்கம். துளையின் விட்டம் சற்றே கூடிப்போகும் பழுதுக்கு 7, 3, 4 என்று இட்டால் 84 கிடைக்கும். இதை 'அபாய எண் 84' என்று எழுதினால் மண்டை ஓடுதான் நினைவுக்கு வருகிறது. அபாயம் உண்டு அல்லது இல்லை. அதில் எண்பத்து நான்கு எங்கிருந்து வந்தது?

இடர் என்பார் கூற்று இதைவிட நன்று. இடர் மதிப்பீடு, இடரேற்பு, எஞ்சிய இடர் என்று தொகைகள் தடையின்றி அமைகின்றன. எனினும் 'இடராழி நீங்குகவே' என்னும் பொய்கையாழ்வார் வாக்கில் இடர் என்பது பட்டுக்கொண்டிருக்கும் துன்பமேயன்றி வரக்கூடியது அன்று. டிசாஸ்டரைப் பேரிடர் என்று அரசுத் துறையின் பெயரிலேயே ஏற்றுக்கொண்ட பின்னர், இடர் என்றால் சின்ன டிசாஸ்டர் என்று ஒருவர் கருதினால் மறுப்பதும் கடினம். தனித்தமிழ் அன்பர்கள் இந்தத் தடையைக் கண்டும் காணாமல் போகிறார்கள்.

இலங்கைத் தமிழ் நிதி ஆவணங்களில் 'இடர்நேர்வு' என்னும் சொல் வழங்குகிறது. நேர்வு சேர்ந்ததும் துன்பத்திலிருந்து அது நேர்வதன்மேல் கவனம் திரும்பிவிடுகிறது. அதை இங்கே கொண்டுவர நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு என்ன தயக்கமோ தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர் பழைய கோப்பில் எழுதிவைத்ததை அப்படியே எடுத்து ஒட்டுவதில் மட்டும் ஒருவருக்கும் தயக்கமில்லை. நோக்கங்களின்மேல் உறுதியின்மையின் விளைவு என ரிஸ்க் மேலாண்மைக்கான தரநிலையாகிய ஐ.எஸ்.ஓ. 31000 தரும் வரையறைக்குள் நன்மையும் அடங்கும் என்பதால் இச்சொல்லும் முழுமையாகப் பொருந்தாதுதான். ஆனால் அந்த இடைவெளி, பேச்சு வழக்கிலுள்ள ஆங்கில ரிஸ்குக்கும் உண்டு.

கையேட்டில் ஹசார்டுக்கு அபாயத்தை விட்டுவைத்து, ரிஸ்குக்கு இடர்நேர்வு என்று மாற்றினேன். 'அபாயப் பசி' இப்போது 'இடரேற்பு வரம்பு' ஆகியிருக்கிறது.