டேட்டாவுக்கு ஒரே விலை: டிராய் விதி சொல்வது என்ன?

ரீசார்ஜ் செய்து 2 ஜிபி டேட்டா வாங்குகிறீர்கள். அதில் யூடியூப் பார்த்தாலும், ரயில் டிக்கெட் எடுத்தாலும், பிள்ளைக்குப் பாட வீடியோ ஓடினாலும் ஒரே கணக்கில்தான் கழியும். இந்த ஆப்புக்கு ஒரு விலை, அந்தத் தளத்துக்கு வேறு விலை என்று போட நிறுவனங்களுக்கு அனுமதி இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8 அன்று கொண்டுவந்த விதிமுறைதான் காரணம். மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய் வீதம் 50 லட்சம் வரை அபராதம். அந்த நிறுவனங்களுக்கு இது சில்லறைக் காசு. ஆனால் அந்தக் கட்டணத் திட்டத்தையே கைவிடச் சொல்லவும் டிராய்க்கு அதிகாரம் உண்டு. அவசரகாலச் சேவைகளுக்கு மட்டும் கட்டணத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இது சும்மா வந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் இணையவழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அடுத்து ஃபேஸ்புக்கின் ஃபிரீ பேசிக்ஸ்: சில தளங்கள் மட்டும் இலவசம். ஏழைகளுக்கு நல்லதுதானே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஏழை எதைப் பார்க்கலாம் என்பதை ஒரு நிறுவனம் முடிவு செய்வதை எப்படி ஏற்பது? விதி வந்த சில நாட்களில் அந்தத் திட்டம் இந்தியாவில் நின்றது.

விலையைப் போலவே வேகத்திலும் பாகுபாடு கூடாது என்பது 2018இல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உரிம நிபந்தனையிலேயே சேர்ந்தது. இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடுகிறதே, அது மீறலா? இல்லை, எல்லாத் தளங்களுக்கும் ஒன்றுபோல் குறைகிறது. இரவில் இலவச டேட்டா தருவதும் அப்படியே. டேட்டா மீதி இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட ஆப்பை மட்டும் வேண்டுமென்றே இழுத்துப் பிடித்தால்தான் தவறு.

இப்போது சண்டை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. நெட்வொர்க்கை அதிகம் அடைத்துக்கொள்ளும் பெரிய வீடியோ, சமூக ஊடக நிறுவனங்கள் செலவில் பங்கு தர வேண்டும் என்கின்றன தொலைத்தொடர்பு நிறுவனங்கள். 2016 விதி வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்தைப் பற்றியது. இந்தக் கோரிக்கையை அது நேரடியாகத் தடுக்காது. அந்த வீடியோவுக்கான டேட்டாவுக்கு நாம் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டோம். அதற்கே இன்னொருவரிடமும் வசூலித்தால், அது சந்தா உயர்வாக நம் தலையில்தான் வந்து விடியும் என்பது என் கருத்து. தென்கொரியாவில் நெட்வொர்க் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி 2024 பிப்ரவரியில் வீடியோ கேம் நேரலைத் தளமான ட்விட்ச் அங்கே கடையைக் கட்டியது.

உங்கள் பேக்கில் ஆப்புக்கு ஒரு விலை தென்பட்டால், அந்த விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் புகார் செய்ய 198க்கு அழையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை.