மோஷன் சிமுலேட்டருக்கு மோட்டார்: "எத்தனை கிலோ தூக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள்

வீட்டிலேயே மோஷன் சிமுலேட்டர் (கார், விமான விளையாட்டுக்கு ஏற்ப இருக்கையை ஆட்டும் அமைப்பு) கட்டுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இந்த மோட்டார் எத்தனை கிலோ தூக்கும்?" இயந்திரங்களின் மோட்டாரையும், அதற்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவையும் தேர்ந்தெடுப்பது, பழுது பார்ப்பது என் தொழில். அதனால் கருகிய காயிலோடும் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) வெடித்த டிரைவர் போர்டோடும் வருகிறவர்களையும் பார்க்கிறேன். அவர்களில் பலர் இதே கேள்வியைக் கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு, அதை நம்பி மோட்டார் வாங்கியவர்கள். விற்றவர் பொய் சொல்லவில்லை. கேள்விதான் பாதியில் நின்றுவிட்டது. அந்த எடையை என்ன வேகத்தில் தூக்கும், எவ்வளவு நேரம் சூடாகாமல் தாங்கும், மின்சாரம் போனால் உட்கார்ந்திருப்பவரை என்ன செய்யும் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு கணக்கோடு ஆரம்பிக்கலாம். இருக்கையை மட்டும் ஆட்டும் எளிய அமைப்பு: நடுவில் எல்லாப் பக்கமும் சாய விடும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், பின்னால் இரண்டு மோட்டார்கள், ஒவ்வொன்றின் ஷாஃப்டிலும் பூட்டிய 50 மில்லிமீட்டர் நீளக் கிராங்க் கை. ஒரு மோட்டாரின் மேல் 40 கிலோ எடை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ என்றால் சுமார் 390 நியூட்டன். அதை 0.05 மீட்டரால் பெருக்கினால் கிட்டத்தட்ட 20 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது டார்க். இது எடையை அசையாமல் தாங்குவதற்கு மட்டும். சட்டென்று மேலே தள்ளவும் உராய்வை வெல்லவும் இன்னொரு மடங்கு வைத்தால் 40 நியூட்டன் மீட்டர். வேகம் நிமிடத்துக்கு 60 சுற்று (60 ஆர்பிஎம்) என்றால் கிராங்க் நுனி நொடிக்கு 31 சென்டிமீட்டர் நகரும். இருக்கை ஆட்டத்துக்கு இது நல்ல வேகம். இந்த டார்க்கையும் இந்த வேகத்தையும் ஒரே நேரத்தில் தர மோட்டாருக்குச் சுமார் 250 வாட் வேண்டும்.

இப்போது கடைக்குப் போகிறீர்கள். ஒரு மோட்டாரின் விவரத்தில் "40 நியூட்டன் மீட்டர், 60 ஆர்பிஎம்" என்று போட்டிருக்கிறது. அப்படியே பொருந்துகிறதே என்று வாங்கிவிடுவீர்கள். இங்கேதான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள். மலிவு விலை டிசி மோட்டார்களின் விவரத்தில் போடும் டார்க் பெரும்பாலும் மோட்டார் நின்றுபோகும் நிலையில் அளந்தது. வேகமோ சுமையே இல்லாமல் சுற்றும்போது அளந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. சுமை ஏற ஏற வேகம் நேர்கோட்டில் இறங்கும். 40 நியூட்டன் மீட்டரைத் தொடும்போது வேகம் பூஜ்யம். பாதி டார்க், பாதி வேகம் என்ற இடத்தில்தான் அந்த மோட்டார் தன் உச்சத் திறனைத் தரும். அது இரண்டு எண்களின் பெருக்கலில் கால் பங்கு. நம் மோட்டாருக்கு அது 63 வாட். கேட்டது 250, கிடைப்பது 63. அந்த 63 வாட்டைத் தரும்போதும் குறைந்தது அதே அளவு சக்தி உள்ளே வெப்பமாகப் போய்க்கொண்டிருக்கும். தொடர்ந்து அங்கே ஓட்டினால் காயில் தாங்காது.

ஆகவே விற்பவரிடம் "ரேட்டட் டார்க் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்மில், தொடர்ந்து ஓடவா?" என்று ஒரே மூச்சில் கேளுங்கள். ரேட்டட் என்றால் மோட்டார் சூடாகிக் கெடாமல் தரும் என்று தயாரிப்பாளர் சொல்லும் அளவு. மோட்டாரின் பெயர்ப்பலகையில் எஸ்1 என்று இருந்தால் தொடர்ந்து ஓடுவதற்கான மோட்டார். எஸ்2 குறுகிய நேரத்துக்கு, எஸ்3 விட்டு விட்டு ஓடுவதற்கு. மின் இயந்திரங்களுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60034இன் வகைப்பாடு இது. பலகையே இல்லாத மோட்டார் என்றால், அறிவிக்கப்பட்ட டார்க்கில் கால்வாசிக்கு மேல் நம்பாதீர்கள். இது நான் வைத்திருக்கும் வழக்கம். கொஞ்சம் கஞ்சத்தனமான கணக்குதான், ஆனால் காயிலைக் காப்பாற்றும்.

நிற்கும்போதும் மோட்டார் உழைக்கிறது

பந்தயக் காரோ விமானமோ, எந்த விளையாட்டிலும் இருக்கை எல்லா நேரமும் ஆடிக்கொண்டிருக்காது. நேர்ச்சாலையில் அசையாமல் நிற்கும். பலர் அப்போது மோட்டார் ஓய்வெடுக்கிறது என்று நினைக்கிறார்கள். நிறைகுடத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பாருங்கள். ஒரு அடி கூட நகரவில்லை, ஆனால் கை கடுக்கிறது. எடையைத் தாங்கி நிற்கும் மோட்டாரின் நிலையும் அதுதான். மின்னோட்டம் போய்க்கொண்டே இருக்கிறது, அசைவு இல்லாததால் அது முழுவதும் வெப்பமாகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. பிரஷ் மோட்டாரில் இன்னொரு கேடும் உண்டு: கம்யூட்டேட்டரின் (பிரஷ் உரசி மின்சாரம் தரும் சுழல் வளையம்) ஒரே இடத்தில் மின்னோட்டம் நிலைத்து நிற்பதால் அந்த இடம் கருகும். ஷாஃப்டிலேயே விசிறி வைத்த மோட்டாரில் விசிறியும் அப்போது நின்றிருக்கும்.

இதற்குப் பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சுழலும் ஜாயின்ட்டை, ஆளும் இருக்கையும் சேர்ந்த புவியீர்ப்பு மையத்துக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். மீதி எடையை ஸ்பிரிங்கோ கேஸ் ஸ்ட்ரட்டோ (வாயு அழுத்தத்தால் தள்ளும் தண்டு) தாங்கட்டும். நடுநிலையில், மின்சாரம் இல்லாமலே, ஒரு கையால் ஆட்டினால் ஆடி மறுபடி நடுவுக்கு வரவேண்டும். அப்படிச் சமன் செய்த இருக்கைக்கு மேலே போட்ட கணக்கில் பாதி டார்க் கூடத் தேவைப்படாது. பணத்தை மோட்டாரில் போடுவதற்குப் பதிலாக ஒரு நாள் வேலையை ஸ்பிரிங்கில் போடச் சொல்லித்தான் எல்லோருக்கும் ஆலோசனை சொல்கிறேன். கேட்பவர்கள் குறைவு என்பதில் வருத்தம் உண்டு.

வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு பற்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு) உள்ள மோட்டார்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சாதகம் இருக்கிறது. தானே பூட்டிக்கொள்ளும் வார்ம் என்றால், வெளியிலிருந்து எவ்வளவு தள்ளினாலும் மோட்டார் பின்னோக்கிச் சுற்றாது. நிற்கும்போது எடையைப் பற்களே தாங்கிக்கொள்ளும். இதற்கு ஈடாக, அப்படிப் பூட்டிக்கொள்ளும் வார்மில் கொடுக்கும் சக்தியில் பாதிக்கு மேல் உராய்விலேயே போகும். பற்களுக்கிடையே உள்ள தளர்வு, பேக்லாஷ், நாளாக ஆகக் கூடும். நடுநிலையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் "டக்" என்று முதுகில் தட்டும்.

எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

கார் வைப்பர் மோட்டார் எளிதாகக் கிடைக்கிறது, வார்ம் கியர் உள்ளேயே இருக்கிறது. மேலே போட்ட கணக்குப்படி சில பத்து வாட் திறன்தான். நன்றாகச் சமன் செய்த இருக்கை, லேசான ஆள், கற்றுக்கொள்ளும் ஆசை என்றால் சரி. முழு காக்பிட்டையும் (இருக்கை, ஸ்டீயரிங், பெடல் எல்லாம் சேர்ந்தது) தூக்கப் போதாது. அடுத்த படி, இதற்கென்றே விற்கும் 24 வோல்ட், 200 வாட் அளவிலான வார்ம் கியர் மோட்டார்கள். இரண்டு அச்சு இருக்கைக்கு நேர்மையான தேர்வு.

டிஷ் ஆன்டெனாவுக்கும் கட்டிலுக்கும் வரும், நேர்கோட்டில் நீண்டு சுருங்கும் லீனியர் ஆக்சுவேட்டர்களைத் தயவுசெய்து வாங்காதீர்கள். "600 கிலோ தூக்கும்" என்ற எழுத்து கண்ணைப் பறிக்கும். வேகம் பெரும்பாலும் நொடிக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து 40 மில்லிமீட்டர் வரைதான். பலவற்றில் இரண்டு நிமிடம் ஓடினால் பதினெட்டு நிமிடம் ஓய்வு என்ற நிபந்தனையும் இருக்கும்.

சின்னச் சின்னப் படிகளாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அதன் டார்க் நிற்கும்போது அளந்தது. வேகம் கூடக் கூட மளமளவென்று குறையும். சுமை மீறினால் ஸ்டெப் தவறும், தவறியது கன்ட்ரோலருக்குத் தெரியாது. சுழன்ற அளவைச் சொல்லும் என்கோடர் உள்ள வகை பரவாயில்லை, ஆனால் அதன் விலை, தன் நிலையை அளந்து தானே திருத்திக்கொள்ளும் சர்வோ மோட்டாரின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

டிரெட்மில் மோட்டார் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அதில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் பெரும்பாலும் உச்ச அளவு. ஓடுவது 90 முதல் 180 வோல்ட் டிசியில். அந்த மின்னழுத்தத்தில் கை பட்டால் உயிருக்கே ஆபத்து. மேலும் அதன் ஷாஃப்டில் கனமான ஃப்ளைவீல் இருக்கும். நமக்கு வேண்டியது சட்டென்று திசை மாறும் மோட்டார், அதுவோ வேகம் மாறாமல் சுற்றுவதற்காகவே செய்யப்பட்டது. உயர் மின்னழுத்த டிசியில் வேலை செய்து பழக்கமில்லாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் ஏசி சர்வோவும் பால் ஸ்க்ரூவும் (சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றும், குண்டுகள் மேல் உருளும் திருகு). நாலு மூலையிலும் நாலு ஆக்சுவேட்டர் வைத்து முழு ரிக்கையும் (சிமுலேட்டரின் மொத்தச் சட்டம்) தூக்குகிறவர்கள் இன்று பெரும்பாலும் இதற்குத்தான் வருகிறார்கள். பரவலாகப் பயன்படும் 750 வாட் மோட்டாரை எடுத்துக்கொள்வோம்: 2.4 நியூட்டன் மீட்டர், 3000 ஆர்பிஎம். 5 மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) உள்ள ஸ்க்ரூவில் இது நொடிக்கு 250 மில்லிமீட்டர் வேகமும் சுமார் 2700 நியூட்டன் விசையும் தரும். 10 மில்லிமீட்டர் பிட்ச் போட்டால் வேகம் இரட்டிப்பு, விசை பாதி. ரிக்கும் ஆளும் சேர்ந்து 200 கிலோ என்றால் மூலைக்கு 50 கிலோ. அதைத் தாங்கி நிற்க 5 மில்லிமீட்டர் பிட்சில் 0.4 நியூட்டன் மீட்டர் போதும், ரேட்டட் டார்க்கில் ஆறில் ஒரு பங்கு. வெப்பம் டார்க்கின் வர்க்கத்தில் போவதால் மோட்டார் கிட்டத்தட்டக் குளிராகவே நிற்கும். சர்வோ விலை அதிகம் என்று தயங்குகிறவர்களுக்கு நான் காட்டும் கணக்கு இதுதான்.

பிட்ச்சைப் பற்றி ஒரு நுணுக்கம். நல்ல சிமுலேட்டரின் சுகம் பெரிய சாய்வில் இல்லை, சின்ன அதிர்வில் இருக்கிறது: பந்தயத் தடத்தின் ஓரத் திட்டான கெர்ப்பில் ஏறும் டயர், ஓடுபாதையின் கரடு. நடுவிலிருந்து மேலும் கீழும் 2 மில்லிமீட்டர், நொடிக்குப் பத்து முறை என்று வைத்தால், உச்ச வேகம் நொடிக்கு 126 மில்லிமீட்டர்தான். ஆனால் உச்ச முடுக்கம் புவியீர்ப்பில் 80 சதவீதம். ஆக்சுவேட்டரின் நீளத்துக்கு இதில் வேலையே இல்லை, மோட்டார் எவ்வளவு சீக்கிரம் திசை மாறுகிறது என்பதே எல்லாம். மிகச் சிறிய பிட்ச் போட்டால் அதே அதிர்வுக்கு மோட்டார் அதிகமாகச் சுற்ற வேண்டும். டார்க்கின் பெரும்பகுதி தன் ரோட்டரையே முடுக்கித் தடுக்கப் போய்விடும். அதனால் "விசை அதிகம் வரட்டும்" என்று பிட்ச்சைக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள்.

ஆறு கால் மேடை (ஆறு ஆக்சுவேட்டர்கள் தாங்கும் மேடை) கட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எரிக் கஃப் 1950களில் டயர் சோதனைக்காக அப்படியொன்றைக் கட்டினார். 1965இல் ஸ்டீவர்ட் விமானப் பயிற்சிக்கான மேடையைப் பற்றி எழுதிய கட்டுரையால் ஸ்டீவர்ட் மேடை என்ற பெயரே நிலைத்தது. அந்த அமைப்பில் எடை ஆறு காலுக்கும் சமமாகப் பிரியாது. மேடை சாயும்போது ஓரிரு கால்களின் மேல் சராசரியைவிடப் பல மடங்கு விழலாம். மொத்த எடையை ஆறால் வகுத்து மோட்டார் வாங்கக் கூடாது.

மோட்டாரோடு சேர்த்து வாங்கவேண்டியவை

12 வோல்ட் மோட்டாரின் காயில் தடை 0.3 ஓம் என்றால், நின்றுபோகும்போது 40 ஆம்பியர் இழுக்கும். முழு வேகத்தில் ஓடும் மோட்டாரைச் சட்டென்று திசை மாற்றினால் அந்த நொடியில் ஏறக்குறைய 80 ஆம்பியர். சிமுலேட்டர் நாள் முழுக்கச் செய்வது இந்தத் திசைமாற்றத்தைத்தான். "43 ஆம்பியர்" என்று விற்கும் பிடிஎஸ்7960 டிரைவர் போர்டுகளின் அந்த எண், சிப் தன்னைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவு; தொடர்ந்து தாங்கும் அளவு அல்ல. "30 ஆம்பியர்" என்று வரும் விஎன்எச்2எஸ்பி30 போர்டும் தொடர்ந்து தாங்குவது அதில் பாதியளவுதான். மென்பொருளில் திசைமாற்றத்தை மெதுவாக்குவதும், மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய டிரைவர் வாங்குவதும், ஒவ்வொரு மோட்டாருக்கும் தனி ஃபியூஸ் போடுவதும் அவசியம்.

வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். பேட்டரி அதை வாங்கிக்கொள்ளும், எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை டிசியாக்கித் தரும் பெட்டி) வாங்காது. மின்னழுத்தம் ஏறி அது தானாக நின்றுவிடும், அல்லது பழுதாகும். "ஹெவி பிரேக் போட்டால் ரிக் செத்துவிடுகிறது" என்று சொல்கிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். சர்வோ டிரைவில் பிரேக்கிங் ரெசிஸ்டர் (திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக்கிவிடும் தடை) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மின்சாரம் போனால் தானே பூட்டிக்கொள்ளும் வார்ம் கியர் அப்படியே நிற்கும். பால் ஸ்க்ரூ நிற்காது. ரிக் கீழே இறங்கும், கால் அடியில் இருந்தால் நசுங்கும். பிரேக் உள்ள சர்வோ, அல்லது மெதுவாக இறங்க விடும் அமைப்பு வேண்டும். அந்த பிரேக் நிற்பதைப் பிடித்து வைக்க மட்டும். ஓடுவதை நிறுத்த அதைப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடும்.

இருக்கையின் நிலையைச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரின் ஒரு கம்பி அறுந்தால், கன்ட்ரோலர் இருக்கை வேறெங்கோ இருப்பதாக நினைத்து முழு வேகத்தில் ஒரு பக்கம் தள்ளும். கிராங்க் உச்சியைத் தாண்டிப் புரண்டுவிட்டால் இணைப்புத் தண்டுகள் வளைந்துபோகும். எனவே நிலை வரம்பை மீறினாலே மோட்டார் மின்சாரத்தை வெட்டும் அமைப்பும், எல்லையைத் தொட்டால் நிறுத்தும் லிமிட் சுவிட்ச்சும் தனியாக இருக்கட்டும். எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தான் கணினிக்குச் செய்தி அனுப்புவதாக இருக்கக் கூடாது. அழுத்தாதபோது மூடியிருக்கும் வகைக் கான்டாக்ட் வழியாக மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே நேராக வெட்ட வேண்டும். உட்கார்ந்திருப்பவர் கைக்கு ஒன்று, பக்கத்தில் நிற்பவருக்கு இன்னொன்று. ஏசி சர்வோ டிரைவை அணைத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் சில நிமிடம் ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும். சார்ஜ் விளக்கு அணையும்வரை டெர்மினலைத் தொடாதீர்கள்.

எல்லாம் பூட்டியதும் முதலில் ஆளை உட்கார வைக்காமல், அதே எடைக்கு மணல் மூட்டையை இருக்கையில் கட்டி ஓட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மோட்டாரின் வெளிக்கூட்டின் சூட்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெளிக்கூடு 60 டிகிரி என்றால் உள்ளே காயில் அதைவிட நிறையச் சூடாக இருக்கும். சூடு ஏறிக்கொண்டே போனால் மோட்டார் சின்னது, அல்லது ஸ்பிரிங் சரியாகச் சமன் செய்யவில்லை. ஒரு அளவில் ஏறாமல் நின்றுவிட்டால், ஓடும்போதே ஒரு முறை மெயின் சுவிட்ச்சை அணைத்துப் பாருங்கள், எமர்ஜென்சி பொத்தானையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். இரண்டு முறையும் மூட்டை அடித்துக்கொள்ளாமல் நின்றால் அல்லது மெதுவாக இறங்கினால், அதற்குப் பிறகு நீங்கள் ஏறி உட்காரலாம்.