டிவிடி டிரைவ் திணறுகிறதா? பார்மட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தகட்டைப் போட்டால் அதிலுள்ள கோப்புகள் தெரியவே சில நிமிடங்கள் ஆகின்றன, அதற்குள் கணினியே உறைந்து நிற்கிறது. பழைய கணினி வைத்திருக்கும் வீடுகளிலிருந்து இந்தப் புகார் எனக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கணினியைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருப்பதே பல வீடுகளில் அந்த டிரைவுக்காகத்தான். கல்யாண வீடியோ, காதுகுத்துப் படங்கள், ஸ்கேன் சென்டரில் கொடுத்த சிடி எல்லாம் தகடுகளில் கிடக்கின்றன. சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும்: டிரைவ் போய்விட்டது, மாற்ற வேண்டும், அல்லது வைரஸ் புகுந்திருக்கிறது, பார்மட் போட வேண்டும். பல நேரங்களில் இரண்டுமே தேவையில்லை.

வேகம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் தொடங்கலாம். டிரைவின் முகப்பில் 52 எக்ஸ், 16 எக்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். சிடிக்கு ஒரு எக்ஸ் என்பது விநாடிக்கு 150 கிலோபைட். டிவிடிக்கு ஏறத்தாழ 1.38 மெகாபைட். முகப்பில் போட்டிருக்கும் எண் தகட்டின் வெளி விளிம்பை எட்டும்போது கிடைக்கும் உச்ச வேகம். தகவல் பதிவு உள்வட்டத்திலிருந்து தொடங்குவதால், ஆரம்பத்தில் அதில் பாதி வேகம்கூட வராது. இது பழுதல்ல. திரைப்பட டிவிடிகளைச் சத்தமில்லாமல் ஓட்டுவதற்காகப் பல டிரைவ்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் பழுதல்ல.

பழுது எங்கே என்று பிரிக்க, மதர்போர்டுடன் வந்த டிரைவர் சிடி போன்று தொழிற்சாலையில் அச்சான ஒரு சிடி, கடையில் வாங்கிய ஒரு திரைப்பட டிவிடி, வீட்டிலோ ஸ்டூடியோவிலோ பதிவு செய்த ஒரு தகடு என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். பதிவு செய்த தகட்டில் மட்டும் திணறினால் குறை தகட்டில்தான் இருக்கும். சிடி நன்றாக ஓடி, எந்த டிவிடியும் ஓடவில்லை என்றால் லேசர் மீது சந்தேகப்படலாம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் என்று ஒரே டிரைவுக்குள் இரண்டு லேசர்கள் இருக்கின்றன. ஒன்று தளர்ந்தாலும் மற்றது உழைத்துக்கொண்டிருக்கும்.

மூன்று தகடுகளுமே மெதுவாக ஓடி, கூடவே மவுஸ் அம்புக்குறி தத்தித் தத்திப் போனால், பாட்டு விட்டு விட்டுக் கேட்டால், விஷயம் வேறு. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். டிரைவிலிருந்து வரும் தகவல் டிஎம்ஏ என்ற வழியில் நேராக நினைவகத்துக்குப் போக வேண்டும். அது பிஐஓ என்ற பழைய முறைக்கு இறங்கிவிட்டால், வருகிற ஒவ்வொன்றையும் பிராசசரே கையால் வாங்கி வைக்க வேண்டும். டிரைவும் மெதுவாகும், பிராசசருக்கும் வேறு வேலை ஓடாது.

ஏன் இறங்குகிறது? தகவல் பிழையோடு வந்தாலோ, கேட்ட நேரத்துக்குள் வராவிட்டாலோ எக்ஸ்பி அதைக் கணக்கு வைத்துக்கொள்கிறது. மொத்தம் ஆறு சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி குறைக்கிறது. பிழைகள் தொடர்ந்தால் படிப்படியாக இறக்கிக் கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தானாக மேலே ஏற்றுவதில்லை. கீறல் விழுந்த ஒரு தகட்டை நாலைந்து முறை போட்டுப் போட்டு எடுத்தாலே போதும். அந்தத் தகட்டைத் தூக்கி எறிந்த பிறகும் தண்டனையை நல்ல தகடுகள் அனுபவிக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் இதை அப்படியே பார்த்தேன். கணினி திணறும்போதெல்லாம் கடையில் பார்மட் போட்டுத் தருவார்கள், சில வாரங்கள் நன்றாக ஓடும், மறுபடியும் திணறும். கடைசியாகப் புது டிரைவ் வாங்கச் சொல்லியிருந்தார்கள். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஐடிஇ கன்ட்ரோலர்கள் என்ற பகுதியில் டிரைவ் இணைந்திருந்த செகண்டரி சேனல் என்ற இணைப்பு வழியின் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைப் பார்த்தேன். நடப்பு முறை என்ற இடத்தில் பிஐஓ என்றிருந்தது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை அணைத்துப் போட்டதும் விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, அல்ட்ரா டிஎம்ஏ மோடு 2 என்று காட்டியது. அவ்வளவுதான் வேலை. பேத்தி தினமும் கேட்கும் பாட்டு சிடியைப் புரட்டிப் பார்த்தால், அடிப்பக்கம் முழுக்கக் கீறல். பாட்டுகளை ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றிவிட்டு, “இந்தத் தகட்டை இனிமேல் போடாதீர்கள் ஐயா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பார்மட் போட்டதும் வேகம் திரும்பியதற்கும் காரணம் வைரஸ் போனதல்ல. விண்டோஸை மறுபடி நிறுவும்போது பிழைக் கணக்கும் பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. மருந்து வேலை செய்ததுபோல் தெரிவதால்தான் இந்தப் பார்மட் பழக்கம் ஒழியவே இல்லை. இடையில் காணாமல் போன புகைப்படங்களுக்கு யார் பொறுப்பு என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சேனலைச் சரிசெய்த பிறகு, நல்ல தகடுகளை மட்டும் போட்டும் மறுபடி பிஐஓவுக்குப் போனால், டிரைவை மதர்போர்டுடன் இணைக்கும் சாம்பல் நிறப் பட்டைக் கேபிளை மாற்றுங்கள். மடங்கி நசுங்கிய கேபிளும் பிழைகளைக் கிளப்பும். அந்தப் பட்டைக்குப் பதிலாகச் சாட்டா என்ற மெல்லிய கேபிளுடன் பின்னால் வந்த கணினிகளில் இந்தத் தொல்லையை அபூர்வமாகவே பார்க்கிறேன்.

அடுத்து, தகடு. நம் ஊர் ஸ்டூடியோக்கள் மணமக்கள் படத்தை ஸ்டிக்கராக்கி டிவிடியின் மேல் ஒட்டிக் கொடுப்பது ஒரு காலத்தில் பெரிய வழக்கமாக இருந்தது. அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்டிக்கர் மையம் தப்பி ஒட்டியிருந்தாலோ, ஈரத்தில் ஒரு பக்கம் உப்பியிருந்தாலோ தகடு சுழலும்போது ஆட்டம் காணும். டிரைவ் உறுமும், வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் படிக்கும். அதற்காக ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள். சிடியில் தகவல் அடுக்கு மேல்பக்க மெழுகலுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. ஸ்டிக்கரோடு அதுவும் கையில் வந்துவிடும். டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவில் இருந்தாலும், இழுக்கும்போது அடுக்குகள் விலகக்கூடும். ஸ்டிக்கருடனேயே மெதுவாக ஓடவிட்டுக் காப்பி எடுப்பதுதான் வழி.

துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவுத் தடத்தோடு சேர்ந்தே ஓடி, பிழைதிருத்தும் ஏற்பாட்டால் ஈடுகட்ட முடியாத அளவுக்கு நீண்ட பகுதியைக் கெடுக்கும். குறுக்குக் கீறலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சிறு துளிதான் போகும். சிடியை விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை வெளிச்சங்கள் தெரிகின்றனவா? அந்த இடங்களில் தகவல் அடுக்கே உதிர்ந்துவிட்டது. பற்பசை போட்டுத் தேய்த்தாலும் திரும்பாது.

லென்ஸில் தூசி என்றால் ரப்பர் காற்றுக் குமிழால் ஊதினாலே போதும். பிரஷ் வைத்த கிளீனர் தகடுகளை நான் சிபாரிசு செய்வதில்லை. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அதன் மேல் பிரஷை ஓட்டுவது எனக்கு உவப்பில்லை.

இப்போது பலர் யுஎஸ்பியில் செருகும் சிறிய டிரைவ் வாங்குகிறார்கள். அது சுழலத் தொடங்கிக் கிளிக் கிளிக் என்று நின்றால், பெரும்பாலும் மின்சாரம் பற்றவில்லை என்று பொருள். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் தருவதாகக் கணக்கு. மோட்டார் கிளம்பும் நொடியில் சில டிரைவ்களுக்கு அது போதாது. ஹப்பையும் நீட்டிப்பு ஒயரையும் எடுத்துவிட்டு, மேசைக் கணினியாக இருந்தால் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். இரட்டைத் தலைக் கேபிள் கொடுத்திருந்தால் இரண்டு தலைகளையும் செருகுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட தகடு அசையவில்லை என்றால் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று கைவிட்ட தகட்டை இன்னொன்று படித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. படித்துவிட்டால் அங்கேயே உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பிக்காமல், முழுவதையும் முதலில் ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பென் டிரைவிலும் ஏற்றிக்கொள்ளுங்கள். பதிவு செய்யும் தகடுகளில் உள்ள சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கக்கூடியது. அடுத்த வருடம் அதே டிரைவே படிக்க மறுக்கலாம்.