கத்திரி வெயிலில் பால் ஏன் நீர்த்துப்போகிறது?

மாதவரம் பக்கம் இரண்டு ஜெர்சி கலப்பினப் பசுக்களை வைத்துப் பால் ஊற்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கத்திரி தொடங்கினால் பால் குறைகிறது, சரி. கறக்கிற பாலும் ஏன் நீர்த்துப்போகிறது? புண்ணாக்கைக் கூட்டித்தான் வைக்கிறேன். வாடிக்கை வீடுகளில் நான் தண்ணீர் கலப்பதாகப் பேசுகிறார்கள். என் மாமியார் கண்ணேறு என்கிறார்."

தண்ணீரும் காரணமில்லை, கண்ணேறும் காரணமில்லை. மாடு மூச்சு விடும் விதம்தான் காரணம்.

வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று உண்டு. அது 72ஐத் தாண்டினால் கறவை மாடு திணறத் தொடங்கும் என்பது நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. சென்னையில் மே மாத இரவு 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் குறியீடு ஏறக்குறைய 80 வருகிறது. மார்கழி விடியலில் 22 டிகிரிக்கு இறங்கும்போதுதான் 70ஐ ஒட்டி வரும். கத்திரியில் நம் ஊர் மாட்டுக்கு இரவிலும் விடுதலை இல்லை. கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை லேசில் காயாது. எனவே மாடு இரைக்கிறது. விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள்: சாதாரணமாக நிமிடத்துக்கு 25, 30 முறை மூச்சு விடும் பசு, உச்சி வெயிலில் 80ஐயும் தாண்டும்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த கட்டம். பசுவின் நான்கு அறை வயிற்றில் முதலாவதான ரூமன், நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் மாவுப் பானை. புல்லும் வைக்கோலும் அங்கே புளிக்கின்றன. நார்ச்சத்தைச் செரிப்பது பசு அல்ல, உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிரிகள். அவை அசிட்டிக் அமிலம் முதலான அமிலங்களை நாள் முழுதும் கக்குகின்றன. அந்த அசிட்டிக் அமிலத்திலிருந்துதான் மடி, பாலின் கொழுப்பில் ஏறத்தாழ பாதியைக் கட்டுகிறது. ஆனால் அமிலம் மிஞ்சினால் நுண்ணுயிரிகளே மடியும். அதைத் தடுப்பது எச்சில். அசைபோடும் பசு ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கும் அதிகமாக எச்சிலை விழுங்குகிறது. அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட், நம் சமையல் சோடாவில் இருக்கிற அதே சரக்கு, அமிலத்தை மட்டுப்படுத்துகிறது.

மாடு இரைக்கும்போது உடல் சூட்டோடு கார்பன் டை ஆக்சைடும் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. ரத்தத்தில் அந்த வாயு குறைந்தால் ரத்தம் காரத்தன்மைக்குச் சாயும். ரத்தத்தில் பைகார்பனேட்டும் கார்பானிக் அமிலமும் ஏறத்தாழ 20க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தாக வேண்டும். அமிலப் பக்கம் குறைந்துவிட்டதால், சமன்செய்யச் சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சிறுநீரில் கொட்டிவிடுகிறது. எச்சிலுக்குப் போக வேண்டிய சோடா கழிநீரோடு போயிற்று. மிச்ச எச்சிலும் வாய் வழியே நூலாக ஒழுகித் தரையில் விழுகிறது. தீனி குறைவதால் அசைபோடுவதும் குறைகிறது. ஒரே மாட்டில், ஒரே மணி நேரத்தில், ரத்தம் காரம், வயிறு அமிலம்! இரவில் மூச்சு சற்றுத் தணிந்ததும் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்துக்குத் திரும்புகிறது. பைகார்பனேட் திரும்புவதில்லை, அது பகலிலேயே போய்விட்டது. இப்போது ரத்தமே அமிலப் பக்கம் சாய்கிறது. உயிர் காக்க எடுத்த ஒரு நடவடிக்கை இத்தனை கணக்குகளைக் கலைத்துப்போடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள்தான் அமிலத்துக்கு முதல் பலி. ரூமனின் பிஎச் மதிப்பு, அதாவது அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு, 6க்குக் கீழே போனால் அவை ஒடுங்கிவிடும். அசிட்டிக் அமிலம் குறையும், கொழுப்பு குறையும், பால் நீர்த்துத் தெரியும்.

புண்ணாக்கு, தானியம் முதலான அடர்தீவனத்தை வாசகர் செய்ததுபோல் அந்த நேரத்தில் கூட்டுவது எரிகிற அடுப்பில் நெய் வார்ப்பதுதான். அதிலுள்ள மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலத்தை இன்னும் கூட்டும். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் சர்க்கரைப் பொங்கலை அண்டாவோடு வைப்பவர்களுக்கும், திருவல்லிக்கேணித் தெருக்களில் புண்ணியம் கருதிச் சோற்றைக் கொட்டுபவர்களுக்கும் இதே பதில்தான். பழக்கமில்லாத மாடு வயிறு நிறையச் சோறு தின்றால் அமில நோய் வந்து செத்தே போகலாம். சோறு கட்டிய பையையும் அது விட்டுவைப்பதில்லை. 2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். கண்ணேறுக்குக் கட்டும் கறுப்புக் கயிற்றோடு எனக்குச் சண்டை இல்லை, அது வயிற்றுக்குள் போகாதவரை.

லிட்டர் கணக்கை உயர்த்தும் இனவிருத்திக்குக் கிடைக்கும் பணத்திலும் கவனத்திலும் ஒரு பங்காவது, நம் நாட்டு மாட்டினங்களான காங்கேயமும் உம்பளாச்சேரியும் வெயிலை எப்படித் தாங்குகின்றன என்ற ஆய்வுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி. குறைவாகக் கறக்கும் மாடு என்று அவற்றை ஒதுக்கிவிட்டோம். வெயில் தாங்கும் அவற்றின் மரபணுக்கள் நமக்குத் தேவைப்படும் காலம் வந்துவிட்டது.

வாசகர் இந்த மாதமே செய்யக்கூடியவை சில உண்டு. தீனி செரிக்கும்போதும் உடலில் சூடு பிறக்கிறது. எனவே பெரும்பகுதித் தீவனத்தை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். முற்றிய தட்டையைவிட இளம் கோ-4 தீவனப் புல் நல்லது. அடர்தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்காகப் பிரியுங்கள். அதில் சமையல் சோடா கலப்பது வழக்கமான வைத்தியம்தான். பெரிய பசுவுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அளவில் பரிந்துரைப்பார்கள், உங்கள் மாட்டுக்கு எவ்வளவு என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டியில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மாட்டின் மேல் தண்ணீர் தெளிப்பதானால் தோல் நனையும்படி தெளித்து உடனே மின்விசிறியைப் போடுங்கள். காற்றோட்டமில்லாத கொட்டகையில் வெறுமனே தெளித்தால் ஈரப்பதம்தான் கூடும், மாடு இன்னும் வேகமாக இரைக்கும்.