தறிச் சத்தத்தில் தூங்குகிறவர்கள்

இளம்பிள்ளையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். மகனுக்கு ஏழு வயது, டவுன் சின்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது). தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர், மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் சி-பேப் மெஷின் எழுதிக் கொடுத்திருக்கிறார். "மாஸ்க்க மூஞ்சியில வெச்சா ஒரே அலறலுங்க. நானும் அவங்கப்பாவும் கையப் புடிச்சுக்கிட்டுக்கூட போட்டுப் பாத்துட்டோம். இப்ப அந்தப் பெட்டியப் பாத்தாலே அழறான். இது பழகுமா, பழகாதா?"

பழகுவதற்கு நிறையவே வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு அல்ல. ஏன் என்பதைச் சொல்ல ஒரு கடல் நத்தையிடம் போக வேண்டும். அதற்கு முன் மெஷினைப் பற்றிக் கொஞ்சம்.

தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைத் தசைகள் தளரும். டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்குத் தசை முறுக்கு இயல்பிலேயே குறைவு. முகத்தின் நடுப்பகுதியும் சிறியது என்பதால் நாக்குக்கு வாயில் இடம் போதாது. மூச்சை இழுக்கும்போது தொண்டை ஒட்டிக்கொள்கிறது. பாக்கெட் ஐஸ் தின்று முடித்த கவரை உறிஞ்சிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். லேசாக ஊதினால் விரியும். சி-பேப் செய்வது அந்த ஊதல்தான். பிள்ளைக்குப் பதிலாக அது மூச்சு விடுவதில்லை, வழியைத் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். 10 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் அது நூற்றில் ஒரு பங்கு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது காது அடைக்கிறதே, அங்கே மாறும் அழுத்தம் இதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். 1981-ல் இதை முதலில் செய்து காட்டிய சிட்னி டாக்டர் காலின் சல்லிவன், வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான் ஊதுவதற்குப் பயன்படுத்தினார்.

இனி நத்தை. கடல் முயல் என்று ஒரு கடல் நத்தை, முதுகில் ஓடு தெரியாது. அதன் தண்ணீர்க் குழாயை மெதுவாகத் தொட்டால் செவுளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பத் தொட்டால் இழுப்பது குறைந்துகொண்டே வரும். களைப்பு அல்ல, தசை நன்றாகத்தான் இருக்கிறது. தொடுகையை உணரும் நரம்பு, தசையை இயக்கும் நரம்புக்குக் கொட்டும் ரசாயனத்தின் அளவைக் குறைத்துவிடுகிறது. 'இது சும்மா' என்று நரம்பு போட்ட கணக்கு. நரம்பியல் விஞ்ஞானி எரிக் கேண்டலும் கூட்டாளிகளும் இதைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். கேண்டலுக்கு 2000-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. அதே பிராணியின் வாலில் ஒரே ஒரு ஷாக் கொடுங்கள். அப்புறம் குழாயை மெதுவாகத் தொட்டாலே முன்னைவிடப் பலமாகச் செவுளை இழுக்கிறது. இப்போது அதே நரம்பு ரசாயனத்தை அதிகமாகக் கொட்டுகிறது. ஷாக் கொடுத்தது வாலில், தொட்டது குழாயை! பயம் இடம் பார்ப்பதில்லை. உங்கள் மகன் மாஸ்க்கை விட்டுப் பெட்டியைப் பார்த்து அழுவதற்கும் இதற்கும் உறவு உண்டு. பிள்ளையின் மூளை நத்தையைவிட எவ்வளவோ சிக்கலானதுதான். ஆனால் மரத்துப்போவது, மிரண்டுபோவது என்ற இந்த இரண்டு வழியும் நம்மிடமும் இருக்கின்றன.

இன்னொன்று. நத்தைக்கு நாற்பது தொடுகையை ஒரே மூச்சில் கொடுப்பதைவிட, நாளைக்குப் பத்து வீதம் நாலு நாள் கொடுத்தால் அந்தப் பழக்கம் வாரக்கணக்கில் நிற்கிறது. அப்படி நீடிக்கும் பழக்கத்தில் அந்த நரம்புகளின் இணைப்பு முனைகளே எண்ணிக்கையில் குறைந்துவிடுகின்றன.

நான் வளர்ந்தது சேலம் கொண்டலாம்பட்டியில், சுவருக்கு அந்தப் பக்கம் நாலு விசைத்தறி. வந்த சொந்தக்காரர்கள் விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் குறட்டை விடுவோம். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் வீடே எழுந்து உட்காரும்.

குறட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 'குறட்டை விட்டுத் தூங்குது, நல்ல தூக்கம்' என்பது நம் ஊர்ப் பேச்சு. பிள்ளை தூக்கத்தில் திணறி எழுந்தால் காத்துக் கருப்பு என்று கயிறு கட்டக் கூட்டிப் போகிறோம். கயிற்றால் கெடுதல் இல்லை, அதில் கரையும் மாதங்கள்தான் கெடுதல். மூக்குத்தண்டு தட்டையான நம் ஊர் டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளின் முகத்தை அளந்து, காற்று கசியாத மலிவான மாஸ்க் செய்யும் ஆய்வுக்கு யாராவது பணம் கொடுத்தால் நான் அவர்களுக்குக் கோயில் கட்டுவேன்.

சரி, வீட்டில் என்ன செய்வது? மாஸ்க் முதலில் பகலில், விளையாட்டாக வரட்டும். பொம்மைக்கு, அப்பாவுக்கு, அப்புறம் அவன் கன்னத்துக்கு. குழாய் இல்லாமல், மூன்று எண்ணும்வரை. அவன் அழுவதற்கு முன்பே நீங்கள் எடுத்துவிட வேண்டும், இதுதான் சூட்சுமம். அழுத பிறகு எடுத்தால், அழுதால் போய்விடும் என்று கற்றுக்கொள்வான். அழ அழ அழுத்திப் பிடித்தால் அது வாலில் கொடுத்த ஷாக். மூன்று ஐந்தாகட்டும், ஐந்து பத்தாகட்டும். சத்தமாக எண்ணுங்கள், எப்போது முடியும் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். இந்தப் பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதைச் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். பல் தேய்ப்பது, மாஸ்க், கதை, தூக்கம் என்று நாலு படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

காற்றை முதலில் கையில் படவிட்டு, பிறகு முகத்துக்கு. மெதுவாக ஆரம்பித்து அழுத்தத்தை ஏற்றும் வசதி பல மெஷின்களில் உண்டு, டாக்டரிடம் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். மாஸ்க்கில் உள்ள சிறு துளைகள் அவன் விடும் காற்று வெளியேற. கசிகிறது என்று பிளாஸ்திரி ஒட்டிவிடாதீர்கள். கரண்ட் போய் மெஷின் நின்றால் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். வாந்தி வந்தாலும் அப்படித்தான். தானாகக் கழற்றத் தெரியாத பிள்ளை என்றால் எந்த வகை மாஸ்க் என்பதை முதலிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

சளி பிடித்து நாலு நாள் விட்டுப்போனால் பழையபடி முரண்டுவான். இரண்டு படி கீழே இறங்கி ஆரம்பியுங்கள். இரண்டாம் தடவை சீக்கிரம் வரும். பெட்டியைப் பார்த்தே அழுகிறான் என்றீர்களே, இந்த வாரம் அதை மாட்டாமல் ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் சும்மா வையுங்கள்.