மேளம் கேட்டதும் எழுந்த கால்

எங்கள் பெரியப்பா அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர். வாலிபத்தில் ஒயிலாட்டத்துக்கு முன்வரிசை ஆள். இப்போது செல்லூரில் மகன் வீட்டில் இருக்கிறார். பார்கின்சன் நோய் வந்து ஆறு வருஷமாகிறது. அறைக்குள் ஓரளவு நடப்பவர், நிலைப்படி வந்ததும் நின்றுவிடுவார். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. "நடங்க, நடங்க" என்று பெரியம்மா சொல்லச் சொல்ல இன்னும் இறுகும். போன சித்திரையில், அழகரைப் பார்க்கப் போகிற கூட்டத்தோடு ஒரு மேளம் தெருவைக் கடந்தது. மனுஷன் நிலைப்படியைத் தாண்டி வாசலில் வந்து நின்றார்! அழகர் செயல் என்கிறார் பெரியம்மா. இருக்கட்டும். மூளைக்குள் என்ன நடந்தது என்பதும் கேட்கத் தகுந்த கதைதான்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியையும் நாம் யோசித்து வைப்பதில்லை. பழகிய அசைவைத் தொடங்கிவைப்பது, ஒன்று முடிந்ததும் அடுத்ததைக் கோத்துவிடுவது எல்லாம் பெரும்பாலும் மூளையின் உட்பகுதியில் உள்ள பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் திரள்களின் பொறுப்பு. அவை சரியாக இயங்க டோபமின் என்ற ரசாயனம் வேண்டும். 1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்கின்சன் விவரித்த இந்த நோயில், டோபமினை அனுப்பும் நடுமூளைச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. காலில் வலு இருக்கும். 'கிளம்பு' என்ற உத்தரவு உள்ளிருந்து வருவதில்தான் தடுமாற்றம்.

வெளியிலிருந்து தாளம் வந்தால்? ஆய்வாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம் இது: காதில் விழும் தாளம் சிறுமூளையையும், மூளையின் மேலடுக்கான புறணியில் அசைவுகளைத் திட்டமிடும் பகுதிகளையும் தூண்டி, பழுதான பாதையைச் சுற்றிக்கொண்டு போகிறது. வைகைப் பாலத்தில் நெரிசல் என்றால் அடுத்த பாலம் வழியாகப் போவது மாதிரி. தாளத்தில் இன்னொரு வசதியும் உண்டு. நான்கு அடி கேட்டதுமே ஐந்தாவது எப்போது விழும் என்று மூளை கணித்துவிடும். அடி விழுவதற்கு முன்பே தசை தயாராகிவிடும். "நடங்க" என்ற சொல்லில் இந்தக் கணக்கு இல்லை.

கண்ணுக்கும் இதே வித்தை பலிக்கும். தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால், சமதரையில் உறைந்து நிற்பவர்கூட அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பார். சிலருக்குப் படிக்கட்டு இன்னும் சுலபம். மீனாட்சியம்மன் கோயில் பிராகாரத்தில் கல் இணைப்புகளைப் பார்த்துப் பெரியப்பா எட்டு வைப்பதை நானே கவனித்திருக்கிறேன்.

அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1996-ல் இசைச் சிகிச்சை ஆய்வாளர் மைக்கேல் தாட் குழுவினர், நோயாளிகளைத் தாளம் பதிந்த ஒலிநாடாவோடு தினம் அரைமணி, மூன்று வாரம் நடக்கவைத்தார்கள். நடை வேகம் 25 சதவீதமும், எட்டின் நீளம் 12 சதவீதமும் கூடின.

வெறும் தாளமே இவ்வளவு செய்யும்போது நடனம் எதற்கு? நடனச் சிகிச்சை என்றாலே மனநலம்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1942-ல் வாஷிங்டனின் ஒரு மனநல மருத்துவமனையில் நடனக் கலைஞர் மேரியன் சேஸ் அந்த வழியில்தான் அதைத் தொடங்கினார். பார்கின்சனுக்கு அது வேறு விதத்தில் உதவுகிறது. பின்னால் எட்டு வைப்பது, திரும்புவது, நின்று மறுபடி கிளம்புவது ஆகியவைதான் இந்த நோயாளிகள் தடுக்கி விழும் இடங்கள். அர்ஜென்டினாவின் டாங்கோ நடனத்தில் இவையெல்லாம் இருப்பதால் அமெரிக்காவில் அதை வைத்துச் சோதித்தார்கள். உடலின் சமநிலை மேம்பட்டது. ஒயிலாட்டத்திலும் இவை உண்டு, போதாததற்கு வரிசையில் பக்கத்து ஆளின் காலும் கண்ணுக்குத் தெரியும். நம் ஊரில் யாராவது முறையாகச் சோதிக்கலாமே என்பது என் ஆசை.

இது நோயைக் குணமாக்காது, மாத்திரையையும் நிறுத்த முடியாது. மருந்து வேலை செய்கிற நேரத்தில், பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் ஓர் ஆளை வைத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

வேகமும் முக்கியம். தாட் குழுவினர் முதலில் அவரவர் இயல்பான நடைக்கே தாளத்தை வைத்து, பிறகு 5 முதல் 10 சதவீதம் கூட்டினார்கள். பெரியப்பா நிமிஷத்துக்கு 92 அடி வைத்தார். போனில் தாளத்தை 98-க்கு வைத்தோம், சரியாக இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை, ஒயில் பாட்டுத்தான் வேண்டுமாம். போட்டோம். முதல் இரண்டு நிமிஷம் அருமை. அப்புறம், ஒயிலின் வழக்கப்படி மேளம் வேகம் பிடித்தது. பெரியப்பா நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, "வாத்தியாரை மெதுவா அடிக்கச் சொல்லுடா" என்றார்.