மாநில எல்லை தாண்டும் பதிவேடு

"இங்கேதான் பதிந்தாயிற்றே சார், அங்கேயும் எதற்கு?" வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து, அடுத்த வாரமே குடிபெயர இருந்தவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அமெரிக்காவில் பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் தங்கள் முகவரியையும் வேலையையும் பதிந்துவைக்கவேண்டிய பாலியல் குற்றவாளிகள் பதிவேடு தொடர்பான வழக்குகளில் இதே குழப்பத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

2006இல் வந்த ஆடம் வால்ஷ் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம் இந்தப் பதிவுக்கு நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைத்தது. பதிவேட்டில் எவ்வளவு காலம் இருக்கவேண்டும் என்பதற்குக் குற்றத்தைப் பொறுத்து மூன்று நிலைகள்: 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் முழுவதும். மாநிலங்கள் இதை ஏற்றே தீரவேண்டும் என்றில்லை. ஏற்காவிட்டால் காவல், நீதித்துறைப் பணிகளுக்கான மானியம் ஒன்றில் 10 சதவீதம் குறையும். அப்படியும் பல மாநிலங்கள் முழுமையாக இணங்கவில்லை. கலிபோர்னியாவில் 2021 முதல் இரண்டாம் நிலைக்குக் குறைந்தபட்சம் 20 ஆண்டுதான். முதலில் இணங்கிய ஒஹையோவில், பழைய குற்றங்களுக்கும் புதிய விதியைப் பொருத்தியது செல்லாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றமே 2011இல் தீர்ப்பளித்தது.

இந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. கூட்டாட்சி அளவுகோல் குற்றப்பிரிவை மட்டுமே பார்க்கிறது. நியூயார்க் போன்ற மாநிலங்களோ, அந்த மனிதர் மறுபடியும் குற்றம் செய்யும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டு நிலையை முடிவு செய்கின்றன. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோரோடு உட்கார்ந்து பேசியவன் என்ற முறையில் சொல்கிறேன்: உண்மையில் ஆபத்தானவர் மீது போலீசாரின் கண் இருக்கவேண்டுமானால் இந்த மதிப்பீடு தேவை. ஆனால் இடம்பெயர்வைத் தெரிவிக்கும் விதி எல்லா மாநிலங்களிலும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். அதில் ஓட்டை விழுந்தால் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாமல் போகும்.

மாநிலச் சட்டம் எப்படி இருந்தாலும், முகவரியோ வேலையோ மாறிய மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் சென்று தெரிவிக்கவேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மாநில எல்லை தாண்டிச் சென்று, தெரிந்தே பதியாமல் இருந்தால் 10 ஆண்டு வரை சிறை. நம்மவர்களில் கிரீன் கார்டில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று: இப்படிப் பதியாமல் இருந்ததற்கான அந்தச் சட்டப்பிரிவில் தண்டனை பெற்றால் அதுவே நாடுகடத்தலுக்குப் போதுமான காரணம்.

என்னிடம் வந்தவர் பயணத்தைத் தள்ளிவைத்தார். இரு மாநிலப் பதிவு அலுவலகங்களுக்கும் எழுதி, தேதியிட்ட பதில் கைக்கு வந்த பிறகுதான் பெட்டி கட்டினார்.